வெள்ளிக்கிழமை செஸ் அணி

வியாசர்பாடி,
அக்டோபர் 12

அன்புள்ள சங்கமித்ரா அக்காவுக்கு,

ஜெய் பீம். நானும் அம்மாவும் நைனாவும் நலம். நைனாவின் முதுகுவலியும் நலமாகத்தான் இருக்கிறது; அதை வைத்துக்கொண்டு நைனாதான் கஷ்டப்படுகிறார். நீ எப்படி இருக்கிறாய்? நாகர்கோவில் சாப்பாட்டில் தேங்காய் எண்ணெய் வாடை பழகிவிட்டதா?

ஃபோன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். உங்கள் நர்சிங் காலேஜ் ஹாஸ்டலில் ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம்தான் ஃபோனைக் கையில் தருகிறார்கள். அந்தப் பத்து நிமிடமும் அம்மா ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறாள். பக்கத்து வீட்டுக் காத்தூன் பீவி அத்தை முதல் தண்ணி கேன் போடுகிறவர் வரைக்கும் உன்னிடம் "சாப்ட்டியாம்மா?" என்று கேட்டு முடிப்பதற்குள் நேரம் போய்விடுகிறது. அக்கா தங்கச்சி பேச்சை எங்கே பேசுவது? அதனால் எழுதுகிறேன். அம்மா பார்த்துவிட்டு, "இன்னாடி இவ்ளோ எழுதிகினு கீற? பரீச்சைல இப்டி எழுதினா எப்பவோ பாஸாயிருப்பியே!" என்றாள். நைனாதான் அம்மாவிடம், "வுடு பச்ச. அதுங்கோ ஏதோ பேசிக்குதுங்கோ" என்று காப்பாற்றினார்.

செய்தி என்னவென்றால், பள்ளிக்கூட வாசலில் மே மாதத்திலிருந்து தொங்கிய உன் ஃப்ளெக்ஸை இறக்கிவிட்டார்கள். லாரிப் புகை படிந்து உனக்கு லேசாக மீசை முளைத்திருந்தது. ஆனாலும் 571/600 மட்டும் பளிச்சென்று இருந்தது. இப்போது அது மேடைக்குப் பின்னால் இருக்கிற சாமான் அறையில் கிடக்கிறது. எனக்கு எப்படித் தெரியும் என்றால், வெள்ளிக்கிழமைகளில் நானும் அங்கேதான் கிடக்கிறேன்.

இந்த வருடம் பத்தாம் வகுப்பில் நூறு சதவீதம் தேர்ச்சி வேண்டும் என்று தாளாளர் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை தோறும் டெஸ்ட். வகுப்பு சராசரி எவ்வளவு என்று ஸ்டாஃப் ரூமில் ஒட்டுகிறார்கள். அந்தச் சராசரியை யார் கீழே இழுக்கிறார்கள் என்று ஹெச்.எம். மேடம் பார்த்தார். நான், டோல்கேட் மெக்கானிக் கடை வசீம், சாலமோன் மளிகைக் கடை ஜோபின், மூன்று பேர். டெஸ்ட் நேரத்தில் எங்களைச் சாமான் அறையில் உட்காரச் சொல்லிவிட்டார். வருகைப் பதிவேட்டில் எங்கள் பெயருக்கு நேராக "செஸ் பயிற்சி" என்று எழுதுகிறார்கள். நம் பள்ளிக்கூடத்தில் செஸ் போர்டே கிடையாது.

முதல் வெள்ளிக்கிழமை அழுகை வந்தது, அக்கா. உன்னிடம் மறைப்பானேன். அப்புறம் வசீம் ஆண்டு விழாப் பெட்டியைத் திறந்து ராஜா கிரீடத்தை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, "யாரங்கே!" என்றான். சிரித்துவிட்டேன். தரையெல்லாம் ஒரே தூசி என்பதால் உன் ஃப்ளெக்ஸை விரித்து உட்கார்ந்தோம். நான் உன் நெற்றியில் உட்கார்ந்தேன்.

அங்கே உனக்கு என்ன மார்க் வருகிறது? எழுது.

முத்தங்களுடன், உன் மக்குத் தங்கை,
செங்கொடி


நாகர்கோவில்,
அக்டோபர் 26

அன்புத் தங்கை செங்கொடிக்கு,

நலம். நீங்கள் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் தினமும் எழுகிறேன். நைனாவை ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவதோடு நிறுத்திக்கொள்ளச் சொல், கனமான மூட்டை தூக்க வேண்டாம்.

உன் கடிதம் கிடைத்தது. இங்கே வரும் கடிதங்களை வார்டன் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் தருவார். அதனால் பார்த்து எழுது. என் முகத்தின் மேல் யாரும் உட்கார வேண்டாம்.

அந்த அறையில் உட்கார்ந்து பொழுதைப் போக்காதே. காலை ஐந்து மணிக்கு எழு. ஒவ்வொரு பாடத்திலும் முக்கியமான பக்கங்களை வரி விடாமல் மனப்பாடம் செய். நான் அப்படித்தான் செய்தேன். கணக்கு ஜெமிமா மிஸ்ஸிடம் சந்தேகம் கேள்; நல்லவர்.

இங்கே எல்லாம் நன்றாகப் போகிறது. கடல் பக்கம், மழை அதிகம். உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
சங்கமித்ரா


வியாசர்பாடி,
நவம்பர் 8

என் அருமை அக்கா,

இங்கே எல்லோரும் சௌக்கியம். மழையில் நம் மாடிப்படி ஒழுகுவது மட்டும் வழக்கம்போல. உன் இருமல் விட்டதா? அம்மா சுக்கு அனுப்பவா என்று கேட்கிறாள். உங்கள் வார்டன் அம்மாவுக்கும் வணக்கம். பிரித்துப் படிக்கிறவரிடம் நலம் விசாரிக்காமல் இருப்பது மரியாதை இல்லை.

சாமான் அறையில் நடந்ததைக் கேள். நாற்பது பேருக்கு அச்சடிக்கிற கேள்வித்தாளில் எங்கள் மூன்று தாள் மிச்சம். மிச்சத்தை அந்த அறையில்தான் கொண்டுவந்து போடுவார்கள். சும்மா உட்கார்ந்திருந்தால் எவ்வளவு நேரம்தான் கிரீடம் மாட்டிக்கொண்டிருப்பது? ஜோபின் தாளை எடுத்து உரக்கப் படித்தான். அறுபது மீட்டர் உயரமுள்ள கலங்கரை விளக்கத்தின் உச்சியிலிருந்து பார்த்தால், அந்தப் பக்கம் ஒரு கப்பல், இந்தப் பக்கம் ஒரு கப்பல். இறக்கக் கோணம் ஒன்றுக்கு முப்பது, இன்னொன்றுக்கு நாற்பத்தைந்து. இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம்?

ஜோபினை உடைந்த பெஞ்சின் மேல் ஏற்றி விளக்காக்கினோம். நானும் வசீமும் கப்பல். ஜோபின் கையிலிருந்து இரண்டு ஸ்கிப்பிங் கயிறுகளை ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக்கொண்டு பின்னால் போனோம். வசீம் நின்ற இடத்தில் கயிறு சரி பாதியாகச் சாய்ந்தது: விளக்கு எவ்வளவு உயரமோ அவ்வளவு தூரம். நான் இன்னும் பின்னால் போகப் போக என் கயிறு தாழ்ந்துகொண்டே வந்தது. அட! கோணம் சின்னதாக ஆனால் கப்பல் தள்ளிப் போகிறது! இதை நான் எத்தனை தடவை மனப்பாடம் செய்து, எத்தனை தடவை மாற்றி எழுதியிருக்கிறேன்! அறைக்குள்ளேயே ஒரு குதி குதித்தேன்.

விடை நூற்று அறுபத்து மூன்று மீட்டர் சொச்சம் என்று வந்தது. வசீம் ஒத்துக்கொள்ளவில்லை. "இன்னாடா இது பேஜாரா கீது! காட்டுப்பள்ளி ஹார்பருக்கு வர்ற கப்பலே எரநூறு மீட்டர் நீளம். இவ்ளோ கிட்ட நின்னா ரெண்டும் மோதிக்காது?"

"ஏல, கணக்குல மோதாதுல. நீ வாய மூடிட்டு நில்லு" என்றது கலங்கரை விளக்கம்.

இந்தச் சத்தத்தில் ஜெமிமா மிஸ் வாசலில் வந்து நின்றதை யாரும் கவனிக்கவில்லை. கீழே கிடந்த தாளை எடுத்துப் பார்த்தார். "யார் போட்டது?" என்றார். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் கை காட்டினோம். வசீம்தான் தைரியமாக, "எவ்ளோ மார்க் மிஸ்?" என்று கேட்டான்.

"இந்த ரூம்ல மார்க் கிடையாது. சரி, இல்லன்னா தப்பு. தப்புன்னா ஏன் தப்புன்னு நீங்களே கண்டுபிடிங்க" என்று சொல்லிவிட்டு, கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு போனார். அடுத்த வெள்ளிக்கிழமை போனால் மூன்று கேள்வித்தாளும் ஒரு பெட்டி சாக்பீஸும் உன் ஃப்ளெக்ஸின் மேல் தயாராக இருந்தன.

போன தடவை கேட்டதற்குப் பதில் வரவில்லை. உன் மார்க் எவ்வளவு?

இப்படிக்கு, ஒரு கப்பல்,
செங்கொடி


வியாசர்பாடி,
நவம்பர் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம் என்று எழுதத்தான் வேண்டும், எழுதிவிட்டேன். உன்னிடமிருந்து கடிதம் இல்லை. நீ நலமா?

நேற்று அம்மாவைப் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டார்கள். இறால் உரிக்கிற வேலைக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தாள். கையில் வாடை அடிக்கும் என்று எலுமிச்சம்பழம் தேய்த்துக்கொண்டு வந்தாள், அக்கா. ஹெச்.எம். மேடம் உட்கார வைத்து இனிமையாகத்தான் பேசினார். செங்கொடியின் நல்லதுக்குத்தான் சொல்கிறோம், அரையாண்டு முடிந்ததும் டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள், தனித்தேர்வராக எழுதட்டும், அவசரம் இல்லாமல் அடுத்த வருடம்கூட எழுதலாம் என்றார். வசீம் வீட்டிலும் ஜோபின் வீட்டிலும் இதையே சொல்லியிருக்கிறார்கள்.

எனக்குக் கணக்கு வராது என்கிறார்களே, இந்தக் கணக்கு உடனே புரிந்தது. நாற்பதில் மூன்று போனால் முப்பத்தேழு. முப்பத்தேழில் முப்பத்தேழும் பாஸானால் நூறு சதவீதம்.

அம்மா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அப்புறம், "எம் பொண்ணு ஃபெயிலாவட்டும் டீச்சர். பரீச்ச எழுதிட்டு ஃபெயிலாவட்டும். எழுதாமலே எப்டி ஃபெயிலாவும்?" என்றாள். மேடம், யோசித்துச் சொல்லுங்கள், டிசம்பர் கடைசி வரை நேரம் இருக்கிறது என்று அனுப்பிவிட்டார்.

எனக்குப் பயமாக இருக்கிறது. இப்போதுதான் கணக்கு கொஞ்சம் பிடிக்க ஆரம்பித்தது. அந்த அறையை விட்டுப் போக எனக்கு இஷ்டமில்லை.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
செங்கொடி


நாகர்கோவில்,
நவம்பர் 29

என் செல்லச் செங்கொடிக்கு,

நான் நலம். நீ பயப்படாமல் இரு, அதுதான் எனக்கு நலம்.

அம்மாவை எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம் என்று சொல். யார் இனிமையாகப் பேசினாலும் சரி. பரீச்சை எழுதுவது உன் உரிமை. நீங்களாகக் கேட்காமல் டி.சி. தர முடியாது.

உன் கடிதத்தை வார்டன் தங்கபுஷ்பம் அம்மா இரண்டு தடவை படித்திருக்கிறார். என் கையில் தரும்போது, "பிள்ளே, அந்தப் பயலுவ நெலம என்னாவும்? உனக்க தங்கச்சி அடுத்த லெட்டர் எப்ப போடுவா?" என்று கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

ஒன்று கேட்க வேண்டும். அந்த அறையில் யார் முதலில் ஆரம்பிப்பீர்கள்? யாருக்கும் தெரியாத கேள்வி வந்தால் என்ன செய்வீர்கள்? தப்பாகச் சொன்னால் மற்றவர்கள் சிரிக்க மாட்டார்களா? சும்மாதான் கேட்கிறேன்.

அன்பு அக்கா,
சங்கமித்ரா


வியாசர்பாடி,
டிசம்பர் 6

அக்கா! அக்கா! அக்கா!

எல்லோரும் நலமோ நலம். நைனாவுக்கு முதுகுவலிகூட மறந்துவிட்டது. நீயும் நலமாக இருந்தே தீர வேண்டும், ஏனென்றால் இந்தச் செய்தியை நலமில்லாதவர்கள் படித்தால் வயிறு வலிக்கும். தங்கபுஷ்பம் அம்மா, நீங்கள் உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

நேற்று வெள்ளிக்கிழமை. நாங்கள் அன்று கிராஃப் போட்டுக்கொண்டிருந்தோம். தாளில் போட்டால் எனக்குக் கோடு கோணலாகிவிடும் என்று தரையிலேயே சாக்பீஸால் பெரிய பெரிய கட்டம் வரைந்திருந்தோம். y = x² − 4. புள்ளிகளில் நாங்களே நின்று பார்ப்பதென்று ஏற்பாடு. நடுவில், பூஜ்யத்தில் ஜோபின். அவன் கிறிஸ்துமஸ் நாடகத்து தேவதூதன் இறக்கையைக் கட்டியிருந்தான். வலது பக்கம் இரண்டில் வசீம், கிரீடத்தோடு. இடது பக்கம் மைனஸ் இரண்டில் நான், பொய்க்கால் குதிரையின் தலையை மாட்டிக்கொண்டு. எங்கள் இரண்டு பேர் காலடி வழியாகவும் வளைவு கிண்ணம் மாதிரி இறங்கி ஏறியது.

அன்றைக்கென்று கல்வி அலுவலர் திடீரென்று ஆய்வுக்கு வந்துவிட்டார். வருகைப் பதிவேட்டைப் புரட்டினார். வாரா வாரம் "செஸ் பயிற்சி" என்று எழுதியிருப்பதைப் பார்த்தார். மனிதருக்குச் செஸ் என்றால் உயிராம்! "இந்தப் பகுதியில செஸ் டீமா? நான் பார்க்கணுமே!" என்று எழுந்துவிட்டார். ஹெச்.எம். மேடம், "சார், டீ..." என்றாராம். "டீ அப்புறம்" என்று அவர் நடந்தேவிட்டார்.

கதவு திறந்தது. தரையெல்லாம் கட்டம். ஒரு ராஜா. ஒரு குதிரை. நடுவில் இறக்கையோடு ஒருவன். அவருக்குப் பின்னால் ஹெச்.எம். மேடம் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. எனக்குக் குதிரைத் தலைக்குள்ளே வியர்த்துக் கொட்டியது.

அலுவலர் இரண்டு கையையும் தட்டினார். "ஆளுங்களையே காய்களா நிக்க வெச்சு ஆடறீங்களா! பிரமாதம்!" என்றார்.

ஜோபினுக்கு மட்டும் ஃபோனில் ஆடிச் செஸ் கொஞ்சம் தெரியும். அவனைப் பார்த்து, "நீ என்ன காய்ப்பா?" என்றார்.

"ராணி சார்."

"ராணிக்கு எதுக்குப்பா இறக்கை?"

"அது எல்லாப் பக்கமும் போவும்லா சார்."

அவருக்கு அப்படி ஒரு சிரிப்பு. பிறகு தரையைப் பார்த்தார். "இந்த வளைவு என்ன?" எனக்கு உயிரே போய்விட்டது. வசீம் கிரீடத்தைச் சரி செய்துகொண்டு, "குதிர போற வழி சார்" என்றான். நான் குதிரை இல்லையா, கனைத்துவிட்டேன், அக்கா! வேறு என்ன செய்வது?

அவர் எங்களோடு நின்று படம் எடுத்துக்கொண்டார். மூன்று பேர் பெயரையும் தானே எழுதிக்கொண்டார். "ஜனவரில மாவட்டப் போட்டி இருக்கு. இந்த மூணு பேரும் இந்தப் பள்ளி சார்பா கண்டிப்பா வரணும். நானே காத்துகிட்டு இருப்பேன்" என்று மேடம் கையைக் குலுக்கிவிட்டுப் போனார்.

புரிகிறதா? எங்கள் பெயரை அடித்துவிட்டால் அப்புறம் யாரை அனுப்புவார்கள்? செஸ் அணிக்கு டி.சி. கொடுத்துவிட்டோம் என்று அலுவலரிடம் சொல்ல முடியுமா? இன்று காலை மேடம் அம்மாவுக்கு ஃபோன் செய்து, "அந்த விஷயத்தை விட்டுடுங்கம்மா" என்றார். அம்மா ஸ்பீக்கரில்தான் கேட்டாள். காத்தூன் பீவி அத்தை அங்கேயே கை தட்டிவிட்டார்.

நீ கேட்ட மூன்று கேள்விக்கும் பதில். யாருக்கு ஒன்றுமே தெரியவில்லையோ அவர்தான் ஆரம்பிப்பார். யாருக்கும் தெரியாவிட்டால் ஆளுக்கொரு கிரீடம் மாட்டிக்கொண்டு மறுபடி கேள்வியைப் படிப்போம். தப்பாகச் சொன்னால் கட்டாயம் சிரிப்போம். சொன்னவரும் சேர்ந்து சிரிப்பார்.

நீ எதையும் சும்மா கேட்கிறவள் இல்லையே. உன் மார்க் எவ்வளவு?

கனைப்புகளுடன்,
குதிரை


வியாசர்பாடி,
ஜனவரி 22

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே அனைவரும் நலம். பொங்கலுக்கு வகுப்பு இருக்கிறது என்று நீ வரவில்லை. அம்மா உன் பங்குப் பொங்கலை நைனாவுக்குப் போட்டுவிட்டு, அவர் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நீ சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா?

செஸ் போட்டி முடிந்தது. பி.டி. மாஸ்டர் வல்லரசு சார் எங்கிருந்தோ ஒரு போர்டு வாங்கி வந்து, கிறிஸ்துமஸ் லீவு முழுக்கச் சொல்லிக்கொடுத்தார். வசீம் நாலே நகர்த்தலில் தோற்றான், எதிரில் இருந்த பையனைக் கட்டிப்பிடித்து, "சூப்பர் மாமு, அது எப்டி பண்ண?" என்று கேட்டான். நான் ரொம்ப நேரம் தாக்குப்பிடித்துத் தோற்றேன். ஜோபினுக்கு எதிராளி வரவே இல்லை, அதனால் வெற்றி. மறுநாள் பிரேயரில் "நமது செஸ் அணி வெற்றி" என்று அறிவித்தார்கள். அலுவலர் எங்களுக்கு ரோஸ் மில்க் வாங்கிக் கொடுத்தார். அரையாண்டில் எனக்குக் கணக்கில் முப்பத்தொன்று. பாஸ் இல்லை. ஆனால் காலாண்டில் பதினொன்று.

இப்போது உன் விஷயம். நான் மக்குதான், ஆனால் உன் விஷயத்தில் இல்லை. நீ டிசம்பரிலிருந்து எழுதவில்லை. நாலு மாதமாகக் கேட்கிறேன், மார்க் என்ன என்று சொல்லவில்லை. கக்கூஸ் கதவில் ஓட்டை என்றாலும் எழுதுகிறவள் நீ. ஃபோனில் "நல்லா இருக்கேன்" என்று மட்டும் சொல்கிறாய். மார்க்கைச் சொல்லாமல் இருப்பது எப்படி என்பது எனக்குத் தெரியாதா? அதில் நான்தான் ஊரிலேயே முதல் ரேங்க்.

அக்கா, நீ ஃபெயிலா?

ஆமாம் என்றால் ஆமாம் என்று மட்டும் எழுது. அம்மாவிடம் சொல்ல மாட்டேன்.

உன்,
செங்கொடி


நாகர்கோவில்,
பிப்ரவரி 9

என் தங்கமே செங்கொடி,

நீங்கள் எல்லோரும் நலம் என்று நம்புகிறேன். நான் நலமா என்று கேட்டிருந்தாய். ஆமாம். உன் கேள்விக்கும் ஆமாம்.

உடற்கூறியலில் முதல் உள்தேர்வில் நூற்றுக்கு இருபத்தெட்டு. இரண்டாவதில் இருபத்தாறு. புத்தகத்தை வரி விடாமல் ஒப்பிக்கிறேன், செங்கொடி. ஆனால் இங்கே கேள்வி அப்படி வருவதில்லை. இந்த நோயாளிக்கு ஏன் மூச்சு வாங்குகிறது என்று கேட்கிறார்கள். எனக்குப் பக்கம் ஞாபகம் இருக்கிறது, பக்கத்தில் படம் எங்கே இருந்தது என்பது ஞாபகம் இருக்கிறது, பதில் தெரியவில்லை. வாசலில் ஃப்ளெக்ஸ் வைத்த பெண் இப்படி என்று வீட்டில் எப்படிச் சொல்வது? அதுவும் ஸ்பீக்கரில்?

இந்தக் கல்லூரிக்கும் நூறு சதவீதம் வேண்டுமாம். உள்தேர்வில் பாஸாகாதவர்களுக்கு முதல் பருவத் தேர்வுக்கு ஹால் டிக்கெட் தரவில்லை. மற்றவர்கள் தேர்வு எழுதும்போது எங்கள் ஐந்து பேரையும் துணி மடிக்கிற அறைக்கு அனுப்பிவிட்டார்கள். மலை மலையாகப் படுக்கை விரிப்பு. முதல் நாள் நானும் அழுதேன். ஜூனில் மறு உள்தேர்வு. அதில் பாஸானால்தான் படிப்பைத் தொடர முடியும்.

உன் கடிதங்களை எடுத்துப் போயிருந்தேன். அந்தப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டினேன். குதிரை கனைத்த இடத்தில் ஐந்து பேரும் துணியில் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தோம். ஃப்ளெக்ஸில் தொங்கியவள் நான்தான் என்று தெரிந்தும் அவர்கள் என்னோடு சிரித்தார்கள். எனக்கு மனசு எவ்வளவு லேசானது தெரியுமா?

யாருக்கு ஒன்றும் தெரியவில்லையோ அவர்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். நான்தான் ஆரம்பித்தேன்.

உன் அக்கா,
சங்கமித்ரா


வியாசர்பாடி,
பிப்ரவரி 17

என் உயிர் அக்கா,

நாங்கள் சுகம். நீ சுகமாகிவிட்டாய் என்பது உன் கையெழுத்திலேயே தெரிகிறது.

நீ ஃபெயில் என்று படித்ததும் எனக்கு எவ்வளவு சந்தோஷம்! தப்பாக நினைக்காதே. பத்து வருடமாக எந்த டீச்சர் வந்தாலும், "நீயா சங்கமித்ரா தங்கச்சி?" என்று மேலும் கீழும் பார்ப்பார்கள். உன் தங்கச்சிதானா என்று எனக்கே சந்தேகம் வந்துவிடும். இப்போதுதான் நிஜமாகவே உன் கூடப் பிறந்தவள் மாதிரி இருக்கிறது. படித்துவிட்டு உன்னை நினைத்து அழவும் செய்தேன். அப்புறம் உன் ஐந்து பேர் கோஷ்டியை நினைத்துச் சிரித்தேன்.

சாமான் அறையில் சொன்னேன் (அம்மாவிடம் சொல்லவில்லை, சத்தியம்). வசீம், "அய்ய, உங்க அக்காவும் நம்ம டீம்தானா! சொல்லவேல்ல!" என்றான். ஜோபின் கேட்கச் சொன்னது: அங்கே எலும்புக்கூடு இருக்கிறதா? இருந்தால் பெயர் வைக்கச் சொன்னான். ஒரு சாமானோடு பேசிப் பழகினால் பயம் போய்விடுமாம்.

ரத்தம் எப்படி ஓடுகிறது என்பதைப் புத்தகத்தில் படிக்காதே. துணி அறைக்குள்ளே நீங்களே ரத்தமாக ஓடுங்கள். பரீச்சை முடியும் வரை எனக்கு எழுத நேரம் இருக்காது. எங்களுக்காக வேண்டிக்கொள். தங்கபுஷ்பம் அம்மா, நீங்களும்.

வெற்றி நமதே,
செங்கொடி


வியாசர்பாடி,
மே மாதம், ரிசல்ட்டுக்கு மறுநாள்

அக்கா, நலமா? இங்கே நலம் தாங்கவில்லை!

ஃபோனில் "பாஸ்" என்று ஒரு வார்த்தைதான் சொல்ல முடிந்தது. மிச்சத்தை நம் பிளாக் முழுக்கக் கத்தித் தீர்த்துவிட்டார்கள். கணக்கில் எனக்கு நாற்பத்தேழு. ஜோபினுக்கு ஐம்பத்திரண்டு. வசீமுக்குச் சரியாக முப்பத்தைந்து! அவன் அண்ணன் மெக்கானிக் கடை வாசலில் கேக் வெட்டி, "முப்பத்தஞ்சுக்கு மேல எடுத்தா அது வேஸ்ட்டு" என்று போகிற வருகிறவர்களுக்கெல்லாம் ஊட்டினார். நைனா ஃபோர்க்லிஃப்ட்டிலிருந்து இறங்கி வந்து என்னைத் தூக்கிச் சுற்றினார். இப்போது முதுகுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கிறார். நாற்பதில் நாற்பது. நிஜமான நூறு. ஹெச்.எம். மேடம் எங்களைக் கூப்பிட்டு, "எனக்கு அப்பவே தெரியும்" என்றார். வசீம் வாயைத் திறந்தான். நான் காலை மிதித்துவிட்டேன்.

வாசலில் புது ஃப்ளெக்ஸ் வந்துவிட்டது. முதல் மூன்று பேர் படம் பெரிதாக. கீழே ஓரத்தில், "மாவட்ட செஸ் போட்டியில் நமது பள்ளி" என்று அலுவலர் எடுத்த அந்தப் படம்! கிரீடம், குதிரைத் தலை, இறக்கை. காலடியில் வளைவு தெளிவாகத் தெரிகிறது. ஜெமிமா மிஸ் அதற்கு முன்னால் நின்று, கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தார். "டோல்கேட்ல போறவங்க யாருக்காவது கணக்குத் தெரிஞ்சா மாட்டிக்குவோம்" என்றார். பிறகு எங்கள் மூன்று பேரையும் சேர்த்து அணைத்துக்கொண்டார். அவர் தோளெல்லாம் சாக்பீஸ் வாசனை.

இந்தக் கடிதத்தோடு ஒரு பார்சல் வரும். கனமாக இருக்கும், பயப்படாதே. அது உன் பழைய ஃப்ளெக்ஸ். கேட்டு வாங்கிவிட்டேன். எங்களுக்கு இனி வேண்டாம். துணி அறையில் விரித்து உட்காருங்கள். உட்காருவதற்கு நெற்றிதான் நல்ல இடம்.

அம்மாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. நீயே சொல்.

பாஸான,
செங்கொடி


நாகர்கோவில்,
ஜூன் 18

அன்பும் பெருமையுமான தங்கை செங்கொடிக்கு,

நான் நலம். கேட்காமலே சொல்கிறேன், நிஜமாகவே நலம்.

பார்சலை வார்டன் பிரித்தார். மீசையோடு ஆறடிக்கு நான் சுருள் விரிந்து வந்ததும், "எம்மா, இது யாரு!" என்று பின்னால் போய்விட்டார். துணி அறையில் விரித்தோம். என் கோஷ்டி என் கன்னத்திலும் காதிலும் தயங்கித் தயங்கி உட்கார்ந்தது. நான் 571-இன் மேல் உட்கார்ந்தேன். ரொம்ப வசதியாக இருந்தது, செங்கொடி. இத்தனை நாள் அது என் தலை மேல் இருந்தது.

எலும்புக்கூட்டுக்கு வசீம் என்று பெயர் வைத்தோம். ரத்தமாக ஓடினோம். இதயத்திலிருந்து நுரையீரலுக்குப் போகும்போது நீலத் துப்பட்டா, திரும்பி வரும்போது சிவப்பு. ஜன்னல்தான் நுரையீரல். ஒரு வால்வு சரியாகத் திறக்காவிட்டால் என்ன ஆகும் என்று பார்க்க, வாசலில் நின்ற பெண் வழி விடாமல் மறித்தாள். எல்லோரும் ஒருவர் மேல் ஒருவர் முட்டிக்கொண்டு நுரையீரல் பக்கம் தேங்கி நின்றோம். மூச்சு வாங்கியது. அட, அந்த நோயாளிக்கு இதனால்தானே மூச்சு வாங்கியது! நானும் ஒரு குதி குதித்தேன். சத்தம் கேட்டு வந்த தங்கபுஷ்பம் அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு என் மூக்கின் மேல் உட்கார்ந்து, "பிள்ளே, நிறுத்தாதீங்க. இன்னொரு மட்டம் ஓடுங்க, நான் பாக்கட்டு" என்றார்.

நேற்று மறு உள்தேர்வு ரிசல்ட் வந்தது. ஐந்து பேரும் பாஸ். எனக்கு ஐம்பத்தெட்டு. பிறந்ததிலிருந்து நான் இவ்வளவு குறைவாக எடுத்துப் பாஸானதே இல்லை. இவ்வளவு சந்தோஷமாகவும் இருந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் கூப்பிடும்போது அம்மா, நைனா இரண்டு பேரையும் பக்கத்தில் உட்கார வை. காத்தூன் பீவி அத்தையையும் கூப்பிடு. தண்ணி கேன் அண்ணன் வந்தால் அவரையும் இருக்கச் சொல். இருபத்தெட்டிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் நானே சொல்லப்போகிறேன்.

ஸ்பீக்கரைப் போட்டு வை.

உன் டீமைச் சேர்ந்த,
சங்கமித்ரா